பன்னிரண்டாம் எண்ணின் சூடு

சுயம்பு தவறு செய்யவில்லை. தவறு செய்தவன் நான்.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. அதையும் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். எவ்வளவு பெரிய தைரியசாலி பாருங்கள்!

அவனுடைய வலது கண் போனதற்கு நான் காரணம். அதைவிடப் பெரிய ஒன்று போனதற்கும் நான்தான் காரணம். கண் ஒரு நொடியில் போய்விட்டது. மற்றது இன்றுவரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது... அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்தால் எனக்குச் சாதகமாகப் பேசத் தொடங்கிவிடுவேன். அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் போயிருப்பீர்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தால் காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். அவற்றின் காலடியில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பெட்டிகளை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றும் கப்பலில் சரக்கு ஏற்றிவரும் கன்டெய்னர் அளவு இருக்கும். உள்ளே தரையிலிருந்து கூரைவரை பேட்டரிகள். காற்று பேயாட்டம் ஆடும் நேரத்தில் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் நீங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விளக்கையும் மிக்ஸியையும் போடும்போது திருப்பிக் கொடுக்கும்.

நான் அந்த நிலையத்தின் தரப் பொறியாளன். இந்தப் பெட்டிகள் இன்றைக்கு ஓடுகின்றனவா என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை. பதினைந்து, இருபது வருடம் கழித்தும் ஓடுமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

பேட்டரி ஒரே நாளில் சாகிற பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்று மட்டும் தன் பக்கத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் மூப்படையும். கொஞ்சம் கூடுதலாகச் சுடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் 'கொஞ்சத்தை' முதல் ஆளாகக் கண்டுபிடிக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். அது என் கண்முன் வந்தது. வந்ததை மறைத்தேன்.

சுயம்புலிங்கம் தோவாளைக்காரன். எங்கள் நிலையத்தில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவன் என்னை 'சார்' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவனைப் போலக் கவனமான ஒரு வேலைக்காரனை நான் கல்ஃபிலும் பார்த்ததில்லை. ஒரு போல்ட்டை முறுக்கி, அதன்மேல் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, பத்தடி நடந்தபிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பான்.

"ஏன் சுயம்பு, போல்ட்டு எறங்கி ஓடியா போயிரும்?" என்று கேலி செய்வேன்.

"அது ஓடாது சார். எனக்க புத்தி ஓடிருச்சான்னு பாக்கேன்" என்பான்.

அப்படிப்பட்டவன்! இதை நீங்கள் மறக்கக் கூடாது. நான் அடுத்துச் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் நடுவில் இதை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அவனே இப்போது இதை மறந்துவிட்டான்.

இனி என்னைப் பற்றி... நான் கடியப்பட்டணத்துக்காரன். கடற்கரையில் பிறந்தவனுக்கு எது கெட்டாலும் உப்புக்காற்றுதான் காரணம். ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும் உப்பு, டிவியில் படம் ஆடினாலும் உப்பு, பைக் கிளம்பாவிட்டாலும் உப்பு. எங்கள் வீட்டில் எந்த ஃப்ரிட்ஜும் ஐந்து வருடம் தாண்டியதாகச் சரித்திரம் கிடையாது. உப்பு ஏறிய செம்பு பச்சை பூத்திருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே சொல்லிவிடுவேன்.

அந்த அறிவு ஆரல்வாய்மொழியில் எனக்குக் கைகொடுத்தது. எங்கள் பெட்டிகள் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்துவிட்டுத்தான் இங்கே வந்தன. ஓட ஆரம்பித்த சில மாதங்களில் ஒரு சென்சார் மட்டும் அதிகச் சூடு காட்டியது. வடக்கிலிருந்து வந்த பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் போய், "பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, சென்சார் கனெக்டரில் உப்பு" என்றேன். திறந்து பார்த்தால் பச்சை. துடைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொன்று. அதுவும் உப்பு. பிறகு மூன்றாவதாக ஒன்று. அதுவும் அப்படியே.

அதற்குப் பிறகு நிலையத்தில் எனக்கு 'உப்பு டாக்டர்' என்று பெயர். கேலிப்பெயர்தான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான்காவது தடவை ஒன்பதாம் பெட்டியில், பன்னிரண்டாம் எண்ணில் வந்தது.

பெட்டிக்குள் பேட்டரிகளை அடுக்கடுக்காகப் பிரித்து எண் கொடுத்திருப்போம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சென்சார். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த பதினொன்றும் பதின்மூன்றும் இருபத்தொன்பது டிகிரி காட்டின. பன்னிரண்டு மட்டும் முப்பத்தெட்டு. மறுநாள் நாற்பத்தொன்று. திரையில் அதன் கட்டம் மஞ்சளாக மாறியிருந்தது.

முதலில் பார்த்தவன் சுயம்புதான்.

"சார், ஒம்பதுல பன்னெண்டு சுடுது. தெறந்து பாப்பமா?"

"உப்பு மக்கா. வேற என்ன?"

"உப்பாத்தான் இருக்கும். பாத்துட்டா ஒரு சமாதானம்லா."

திறந்து பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டி முழுவதையும் நிறுத்த வேண்டும். கிட்டத்தட்ட அரை நாள் வேலை. அதற்கு அடுத்த நாள்தான் நிலையத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வருகிறார்கள். முந்தின நாள் ஒரு பெட்டி நின்றதாகப் பதிவேட்டில் இருந்தால் பரிசோதனை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். அந்த நாட்களில்தான் எங்கள் ஊர்த் தேவாலயத் திருநாள்.

ஒன்பது வருடம் கல்ஃபில் இருந்தேன். ஒரு திருநாளுக்கும் வர முடியவில்லை. திரும்பி வந்தபின் அதுதான் முதல் திருநாள். அதிலும் ஒருநாள், எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் பொறுப்பு. தேர் தூக்குவதற்கு என் பெயரையும் கொடுத்திருந்தார்கள். 'இவன் வருவானா, கடைசி நேரத்தில் கம்பெனி கூப்பிட்டுச்சுன்னு போயிருவானா' என்று என் மைத்துனன் நாலு பேர் முன்னால் கேட்டிருந்தான். நான் வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

இவ்வளவுதான். இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு ஆசை காட்டவில்லை. ஒரு மனிதனின் கண்ணுக்கு எதிர்த்தட்டில் வைக்க என்னிடம் இருந்தது மைத்துனனின் ஒரு கேலியும், மூன்று தடவை சரியாகச் சொன்ன வாயின் திமிரும்தான்...

சுயம்புவை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதற்குள் நுழையும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. பன்னிரண்டாம் எண்ணின் சென்சாரைப் படிக்காதே, அதற்குப் பதிலாகப் பதினொன்றையே இரண்டு தடவை படி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. மஞ்சள் கட்டம் பச்சையாகிவிட்டது.

திருநாள் முடிந்து வந்து, திறந்து, உப்பைத் துடைத்துவிட்டு, பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. மாலையில் சுயம்பு கேட்டான்.

"பன்னெண்டு பச்சையாயிருச்சே சார்?"

"கனெக்டரைச் சரி பண்ணியாச்சு மக்கா."

"ஒத்தையிலயா பண்ணுனிய? என்னைக் கூப்பிட்டிருக்கப்பிடாதா?" என்றான். வருத்தப்பட்டான்! உதவிக்கு வராமல் போய்விட்டோமே என்று வருத்தப்பட்டான்.

பரிசோதனை நன்றாக முடிந்தது. கைகுலுக்கினார்கள். நான் ஊருக்குப் போனேன். தேர் தூக்கினேன். தோள் கன்றிப்போனது, அந்த வலிகூடச் சுகமாக இருந்தது. அந்த நாட்களில் பன்னிரண்டை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். அப்போது நினைவு வந்தது. நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காற்று கடுமையாக இருந்தது, பெட்டியை நிறுத்த மனமில்லை. அதற்கு மறுநாள் வேறு ஏதோ. எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள்... பச்சை அடித்தவன் நான். அந்தப் பச்சையைப் பார்த்து நானே நிம்மதி அடைந்தேன்!

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சுயம்பு வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். கணவாய்க் காற்றில் வரும் புழுதி, பெட்டிகளின் ஏசி ஃபில்டரை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

"சார், ஒம்பதுல ஃபில்டர் கழுவணும். ஸ்கிரீன் எப்பிடி இருக்கு?"

"எல்லாம் பச்சை. திற."

இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது பன்னிரண்டு என் நினைவில் இருந்ததா? மூன்று வருடமாக இந்த ஒரு கேள்வியைத்தான் என்னிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் ஏதோ ஓரத்தில் உறுத்தியது என்றுதான் தோன்றுகிறது. செருப்புக்குள் கிடக்கும் சின்னக் கல்லைப் போல உறுத்தியது. நான் நின்று அதை எடுத்துப் போடவில்லை.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஏதாவது வாயு தேங்கியிருந்தால் அது போய்விடும். விதி அப்படி. ஆனால் திரை பச்சையாக இருந்தால் யாரும் பத்து நிமிடம் நிற்பதில்லை. போனில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் திறப்பார்கள். நானும் அப்படித்தான் திறந்திருக்கிறேன். தரப் பொறியாளனே ஒரு பாட்டு நேரம்தான் நிற்கிறான் என்றால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்?

சுயம்பு ஒரு பாட்டு நேரம் நின்றான். திறந்தான்.

பன்னிரண்டில் இருந்தது உப்பு அல்ல. உண்மையாகவே ஒரு செல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. வீங்கி, வாயுவைக் கக்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் தேங்கியிருந்த வாயு வெடித்தது. அலுவலகத்தில் இருந்த எனக்குக் கேட்டது ஒரு பெரிய கதவை யாரோ கோபத்தில் அறைந்து சாத்தியதுபோன்ற சத்தம்தான். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் நாலு அடி தள்ளி மண்ணில் கிடந்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, கத்தாமல் கிடந்தான்.

அவனை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு எல்லோரும் நாகர்கோவிலுக்குப் பறந்தார்கள். நான் ஏறவில்லை. "நான் இங்க இருந்து பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்றேன். எவ்வளவு பொறுப்பான மனிதன் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தினேன். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். வண்டி வருவதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டைப் பழையபடி பன்னிரண்டாக மாற்றினேன். இதற்கும் இரண்டு நிமிடம்தான் ஆனது.

முதலில் செய்ததை முட்டாள்தனம் என்று நீங்கள் ஒருவேளை விட்டுவிடலாம். இதை என்னவென்று சொல்வீர்கள்? அவன் கண்ணின் கதி என்ன என்று தெரியாத அந்த நேரத்தில், என் விரல் நடுங்கக்கூட இல்லை. அதை நான் கவனித்தேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்துபோன நேரம் அது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான், அவசரக்காரர்கள் இல்லை. "பன்னிரண்டு ஏன் சூடு காட்டவில்லை?" என்று சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள்.

உப்பு என்றேன்.

கனெக்டரில் உப்பு ஏறியதால் சென்சார் குறைவாகக் காட்டியிருக்கலாம், இதற்கு முன்னால் மூன்று தடவை தொல்லை கொடுத்திருக்கிறது என்றேன். கனெக்டர் எரிந்து கரியாகிவிட்டிருந்தது. யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. உப்பு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எழுதிக்கொண்டார்கள். பெட்டியின் சராசரிச் சூட்டை மட்டும் வரைபடமாக எடுத்துக் கொடுத்தேன். பதினொன்றையும் பன்னிரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால், ஒன்பது நாள் இரண்டும் ஒரே கோடாக ஓடியிருப்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். அவர்கள் கேட்கவில்லை.

அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அந்த உப்பு வரியை எடுத்துவிட்டால் அதில் ஒரு பொய்யும் இல்லை. விதிப்படி பத்து நிமிடம்; பணியாளர் நின்றது நான்கு நிமிடம்; பத்து நிமிடம் நின்றிருந்தால் வாயு வெளியேறியிருக்கும். எல்லாம் உண்மை. பன்னிரண்டு தன் சூட்டைக் காட்டியிருந்தால் பெட்டி தானாகவே நின்றிருக்கும், அவன் அந்தக் கதவுப் பக்கமே போயிருக்க மாட்டான் என்பது மட்டும் அதில் இல்லை. உண்மைகளை வைத்தே ஒரு மனிதனைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ள முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

சுயம்புவிடமும் கேட்டார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னான்: "சாரு பச்சைன்னுதான் சொன்னாவ. பச்சையாத்தான் இருந்திச்சு. பத்து நிமிசம் நிக்காதது நான்லா."

நான் தனியாகப் பார்க்கப் போன அன்று அவன் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினான்.

"சார், என்னால ஒங்களுக்குக் கெட்ட பேரு ஆயிருச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மக்கா."

"ஒரு பாட்டு நேரந்தான் நின்னேன் சார். எனக்க தப்புதான். எனக்கு இனி அந்தப் பாட்டே வேண்டாம்."

"விடு மக்கா," என்றேன்.

கேட்டீர்களா? விடு என்றேன். நான் அவனை மன்னித்தேன்!

அந்த வருடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது முழுவதையும் சொல்வதாகத்தான் இருந்தேன். முழங்காலில் நின்றதும், "வேலையில் கவனக்குறைவாக இருந்தேன் சாமி" என்று வந்தது. அவர் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நான் ஆறு சொன்னேன். சொல்லாத பாவத்துக்கு யார் மன்னிப்புத் தருவார்கள்? அதற்குப் பிறகு பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதெல்லாம் நாக்கு கூசுகிறது.

ஒரு கண்ணோடு மின்சார வேலை பார்க்க அனுமதி கிடையாது. அதோடு விதியை மீறியவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. சுயம்புவை அனுப்பிவிட்டார்கள். இப்போது தோவாளைப் பூச்சந்தையில் மச்சினனோடு நின்று பூ எடை போடுகிறான்.

நிலையம் நன்றாக இருக்கிறது. பயப்படாதீர்கள், உங்கள் வீட்டு விளக்குக்கு ஒன்றும் வராது. கதவு திறக்க இரண்டு பேர் வேண்டும், பத்து நிமிடம் ஆகாமல் பூட்டே திறக்கக் கூடாது, ஒரு சென்சாருக்குப் பதில் இன்னொன்றைப் படிக்க எவராலும் முடியக் கூடாது என்றெல்லாம் நான் மாற்றி வைத்தேன். எங்களைப் பார்த்து வேறு இடங்களிலும் செய்தார்கள். பாராட்டினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கும்போது ஒன்பதாம் பெட்டியின் படத்தைக் காட்டி, 'ஒரு பணியாளர் ஆறு நிமிடம் பொறுக்காததால்' என்று சொல்கிறேன். பெயர் சொல்வதில்லை. எல்லோருக்கும் பெயர் தெரியும்.

கண்ணைவிடப் பெரிய ஒன்று என்று சொன்னேன் இல்லையா? அதை அவன் மனைவி செல்விதான் எனக்குச் சொன்னாள்.

வடசேரிச் சந்தையில் ஒருநாள் எதிரே வந்தாள். நலம் விசாரித்தேன். "கண்ணு போனது பழகிப்போச்சு சார்" என்றாள். "இப்பம் இவுரு கேஸ் அடுப்பப் பத்த வைக்கதுக்கு மின்ன என்னக் கூப்பிட்டுக் காட்டுதாரு. பைக்க நிறுத்திட்டு, ஸ்டாண்டு போட்டுருக்கா பாருன்னு எனக்கிட்டக் கேக்காரு. சந்தையில எடை போட்டா வேற ஆளக் கூப்பிட்டு முள்ளப் பாக்கச் சொல்லுதாராம். ஒத்தக் கண்ணுனால இல்ல சார். அவருக்கு அவர்மேலயே நம்பிக்க இல்ல."

போல்ட்டைத் திரும்பி வந்து பார்த்த மனிதன், தன்னையே கவனக்குறைவானவன் என்று நம்புகிறான். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'சுயம்பு, நீ சரியாகத்தான் இருந்தாய், திரையில் பொய் சொன்னவன் நான்.' கண் திரும்பாது. ஆனால் மற்றது திரும்பிவிடும். அடுப்பைத் தானே பற்றவைப்பான். அந்த வாக்கியம் என் வேலையைக் கொண்டுபோகும், ஒருவேளை என்னை ஜெயிலுக்கும் கொண்டுபோகும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்... பாருங்கள், சாதகமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவனுக்கு ஒரே மகள், மஞ்சு. இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மதிப்பெண். மின் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். சுயம்பு முடியாது என்றுவிட்டான். செல்வி போன் செய்தாள்: "நீங்க சொன்னா கேப்பாரு சார். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே தோவாளைக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். செல்வி டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மஞ்சு உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுயம்பு என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். எவ்வளவு சொல்லியும் நாற்காலிக்கு வரவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார். கரண்டு சோலி இவளுக்கு ஒத்து வருமா? எனக்க ரெத்தம்லா ஓடுது. எனக்குள்ள அந்தக் கவனக்கொறவு இவளுக்கு இல்லாமலா இருக்கும்?"

"பத்து நிமிசம் நிக்கணும்னா நான் பத்து நிமிசம் நிப்பேன்பா," என்றாள் மஞ்சு.

"நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன் மக்ளே. நானும் கவனமான ஆளுன்னுதான் நெனச்சிருந்தேன். அன்னைக்குத்தான தெரிஞ்சுது." பிறகு என்னைப் பார்த்தான். "கண்ணு போனா எனக்குப் போட்டும் சார். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது. சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்று வருடமாகத் தயாராக இருக்கிறது. கேட்க வேண்டியவன் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் ஒரே அடியில் அப்பாவுக்குத் தன்மேல் நம்பிக்கையும், மகளுக்குப் படிப்பும் கிடைத்துவிடும். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் திறந்தேன்...

"மஞ்சு ஒன்ன மாதிரி இல்ல மக்கா," என்றேன். "அவ கவனமான பிள்ள."

சுயம்பு ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா சார்?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் எப்படி எழுதுவேன்! பெரிய பாரம் இறங்கியவன் போல மூச்சு விட்டான். திரும்பி மகளைப் பார்த்தான்.

"மக்ளே, நீ எனக்க மாதிரி இல்லன்னு சாரே சொல்லிட்டாவ. போயிச் சேந்துக்க."

சந்தோஷமாகச் சொன்னான். கோபமாகவோ, மனம் நொந்தோ சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சந்தோஷமாகச் சொன்னான்.

மஞ்சு சிரிக்கவில்லை. வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஒங்கள மாதிரிதான்பா" என்றாள், மெதுவாக.

"சும்மா இரி மக்ளே. ஒனக்கு என்ன தெரியும்? சாரு எங்கூட வேல பாத்தவிய. அவியளுக்குத் தெரியும் நான் எப்பிடின்னு."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். செல்வி வாசல்வரை வந்து நன்றி சொன்னாள். ஒரு பொட்டலம் பிச்சிப்பூவை என் மனைவிக்கு என்று கையில் கொடுத்தாள். அதை வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

மஞ்சு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். காலையில் எங்கள் ஜீப் தோவாளையைத் தாண்டும்போது சில நாள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். பக்கத்தில் சுயம்பு நிற்பான், அவளைப் பேருந்து ஏற்றிவிட்டுத்தான் சந்தைக்குப் போவான். ஜீப்பைக் கண்டதும் கையை உயர்த்துவான். டிரைவர் வேகத்தைக் குறைப்பார். நான் ஜன்னல் வழியாக அவனுக்குக் கை காட்டுகிறேன். பிறகு வண்டி போய்விடுகிறது.